ஒன்பது ஊருக்கு ஒரு மின்சாரம்

ஒஸ்லோவின் குரோருட் பக்கத்துத் தமிழரில் தனுசியாவைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் என்ன வேலை செய்கிறாள் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. "கரண்ட் கொம்பனியிலை ஏதோ பெரிய வேலை" என்பார்கள். பனிக்காலத்தில் பில் கூடிவிட்டால் கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும் வரிசையிலேயே அவளைப் பிடித்து வழக்குப் பேசுவார்கள். ஒஸ்லோ நகரத்து மின்சாரத்துக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டாள். ஒருவர் காதிலும் ஏறவில்லை. இப்போதெல்லாம் "ஓம், பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் பொங்கலை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

அவள் நகரட்டும். நாம் அப்படி விட்டுவிடக் கூடாது. எதற்கெடுத்தாலும் நம்முடைய பிள்ளைகள் டொக்டர், எஞ்சினியர் என்று மேடையேற்றி மாலை போடுகிற சனம் நாங்கள். இவள் செய்த காரியத்துக்கு ஒரு மாலையும் விழவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

நோர்வேயின் மலைப்பக்கங்களில் சின்னச் சின்ன ஊர்கள் இருக்கின்றன. ஒரு பள்ளிக்கூடம், ஒரு முதியோர் இல்லம், இரண்டு கடை, நடுவே ஒரு ஆறு. அந்த ஊர்கள் பலவற்றில் மின்சாரக் கம்பனி ஊருக்கே சொந்தம். நம்மூர்ப் பிரதேச சபை போல அங்கே கொம்யூன் என்று ஒன்று உண்டு. கம்பனி அதன் சொத்து. பாட்டன் காலத்தில் ஊர்ச்சனமே கம்பம் சுமந்து, குழி தோண்டி, கம்பி இழுத்து உண்டாக்கிய கம்பனிகள் அவை. லாபம் வந்தால் அது தனியொருவர் சட்டைப்பைக்குப் போகாது, பள்ளிக்கூடத்துக் கூரைக்குப் போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மின்சாரத்தை மொத்தமாக வாங்கப் போகும்போது, மூவாயிரம் பேர் வாழும் ஒரு ஊரை எந்த அணைக்கட்டுக்காரன் நிமிர்ந்து பார்ப்பான்? சொன்ன விலைக்கு வாங்கு, இல்லாவிட்டால் போ என்பான்.

ஆகவே அப்படிப்பட்ட ஒன்பது ஊர்க் கம்பனிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலுவலகம் போட்டன. ஒன்பது ஊருக்கும் தேவையான மின்சாரத்தைச் சேர்த்து ஒரே பேரமாகப் பேசி வாங்குவது அந்த அலுவலகத்தின் வேலை. அங்கே நான்கு பேர். அவர்களில் தலைமை தனுசியா.

சேர்ந்து வாங்கினால் ஏன் மலிவு என்று அவளிடம் கேட்டால் கலியாண வீட்டுப் பந்தியைத்தான் சொல்லுவாள். முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தால் ஊரிலுள்ள அடுப்பு, கிடாரம், பரிமாறும் ஆள் எல்லாம் வேண்டும். பந்தி பந்தியாக வந்தால் இரண்டு அடுப்புப் போதும். ஒரு ஊருக்குக் காலையிலும் மாலையிலும் மின்சாரம் கூட வேண்டும். இன்னொரு ஊரில் தக்காளிக்குக் கண்ணாடிக் கூடாரங்கள். அவற்றுக்கு இரவில் வெளிச்சம் வேண்டும். வேறொரு ஊருக்குச் சனி ஞாயிறுகளில் பனிச்சறுக்குக் கூட்டம் வரும். இவர்கள் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டால் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று நிரவிவிடும். அணைக்கட்டுக்காரனுக்கு அதைப்போல விருப்பமான வாடிக்கையாளன் வேறு இல்லை. மதகை ஒரு அளவில் திறந்து வைத்துவிட்டுத் தன்பாட்டில் இருக்கலாம். அந்த நிம்மதிக்கு அவன் விலையைக் குறைப்பான்.

அந்த ஒன்பது பேரையும் சேர்த்துப் பிடித்தவள் தனுசியா. தகப்பன் அரசரத்தினம் சுழிபுரத்திலிருந்து வடநோர்வேக்கு வந்து மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவர். எட்டு வயதில் அவள் தாயோடு வந்து சேர்ந்தாள். துரொண்ட்ஹெய்மில் மின்பொறியியல் படித்தாள். படித்து முடித்ததும் ஒஸ்லோவில் வேலை தேடாமல் துவெர்டால் என்ற மலையூரின் மின்சாரக் கம்பனிக்குப் போனதைப் பார்த்து இனசனம் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டது. பொம்பிளைப்பிள்ளை, கலியாணம் ஆகாதவள், மான் நடமாடுகிற காட்டுக்குப் போய்க் கம்பத்தோடு நிற்கப்போகிறாளாம் என்று போனில் கதை பறந்தது.

துவெர்டால் கம்பனியின் முகாமையாளர் குன்வோர் என்ற பெண்மணி. அப்போது நாற்பது வயதிருக்கும். நெடுநெடுவென்று உயரம், பேச்சு மட்டாக. வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை என்று சொல்லித் தன் வீட்டு மேலறையைத் தனுசியாவுக்குக் கொடுத்தார். வீடு தேடுகிற கதையை இருவருமே பிறகு எடுக்கவில்லை. மூன்று பனிக்காலம் அவள் அந்த அறையில்தான் இருந்தாள். புயலில் கம்பி அறுந்த நாள்களில் குன்வோருக்குப் பின்னால் பனியில் இடுப்பளவு புதைந்து நடந்து வேலை பழகினாள். ஒன்பது ஊரும் சேர்ந்து வாங்கினால் என்ன என்று அவள் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னதும் குன்வோரின் சமையலறையில்தான். குன்வோர் யோசித்தார், பிறகு காரை எடுத்தார். இருவருமாக மற்ற எட்டு ஊருக்கும் போய்ப் பேசினார்கள். அலுவலகம் அப்படித்தான் பிறந்தது.

அதன் அருமை சில வருடங்களுக்கு முன், விலை தறிகெட்டு ஏறிய அந்தப் பனிக்காலத்தில் தெரிந்தது. தென்நோர்வே முழுக்கச் சனம் போனில் மணிக்கு மணி விலை பார்த்து உடுப்புத் தோய்த்த காலம் அது. கடைக்காரர்கள் விளக்கை அணைத்துவிட்டு வியாபாரம் செய்தார்கள். அந்த ஒன்பது ஊர்களில் மட்டும் முதியோர் இல்லம் சூடாக இருந்தது, தக்காளி பழுத்தது, மரஆலை ஓடியது. பத்து வருடத்துக்கென்று தனுசியா பேசி வைத்திருந்த விலை அசையவில்லை. அந்த ஊர்களில் உள்ளவர்களுக்கு அவளுடைய பெயர் தெரியாது. தெரியாமலே நிம்மதியாக நித்திரை கொண்டார்கள்.

இப்போது கதைக்கு வருவோம். அந்தப் பத்து வருட ஒப்பந்தம் முடியப்போகிற இலையுதிர் காலம். புதிய ஒப்பந்தத்துக்குத் தனுசியா வருடம் முழுக்க அலைந்தாள். தக்காளி ஊருக்குப் போனாள், பனிச்சறுக்கு ஊருக்குப் போனாள், ஒவ்வொரு ஊர் நிர்வாகசபையிலும் உட்கார்ந்து கோப்பி குடித்து விளக்கம் சொன்னாள். ஒரு ஊரில் சபைத் தலைவருக்குச் சத்திரசிகிச்சை என்று கேள்விப்பட்டு, ஆஸ்பத்திரிக்கே பூக்கொத்தோடு போய்ப் பேசி வந்தாள். அணைக்கட்டுக் கம்பனியும் இறங்கி வந்தது. நல்ல விலை. ஆனால் ஒரு நிபந்தனை: ஒன்பது பேரும் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முடிவு சொல்லவேண்டும்.

அந்தக் கிழமை செவ்வாயன்று தக்காளி ஊர் முகாமையாளர் போன் எடுத்தார். துவெர்டாலின் நிகழ்ச்சிநிரலைப் பார்த்தாயா என்று கேட்டார். நோர்வேயில் ஊர்ச்சபைக் கூட்டங்களின் நிகழ்ச்சிநிரல் எல்லாருக்கும் திறந்தது, இணையத்தில் கிடக்கும். வியாழக்கிழமைக் கூட்டம், நான்காவது விடயம்: கூட்டுக் கொள்முதலிலிருந்து விலகி, வேறொரு வியாபாரக் கம்பனி தரும் விலையை ஏற்பது.

தனுசியா அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். வேறு எந்த ஊர் என்றாலும் இவ்வளவு வலித்திருக்காது. கணக்கிலும் துவெர்டால்தான் அச்சாணி. மற்ற ஊர்கள் அடங்கிக் கிடக்கிற பகல் நேரத்தில் ஓடுகிற இரண்டு பெரிய மரஆலைகள் அங்கேதான் இருக்கின்றன. அது போனால் நிரவல் போய்விடும், விலை போய்விடும். பிறகு எட்டுப் பேரும் ஆளுக்கொரு திக்காகப் பிரிய அதிக காலம் எடுக்காது. பதினைந்து வருட உழைப்பு அது.

உடனே குன்வோருக்குப் போன் எடுத்தாள். குன்வோர் மிக மரியாதையாகப் பேசினார். அங்கே முதல் பனி விழுந்துவிட்டது என்றார். ரோட்டில் வழுக்குகிறது என்றார். ஆற்றில் தண்ணீர் நல்லாயிருக்கிறது என்றார். நான்காவது விடயம் என்னவென்று கேட்டதற்கு, "சபை யோசிக்குது, அவ்வளவுதான்" என்றார். மலைநாட்டு நோர்வேக்காரர் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார்கள், காலநிலையைப் பற்றிப் பேசுவார்கள். தனுசியாவுக்கு அது தெரியும். ஆனால் என்ன கோபம் என்பதுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள். அவளுடைய கணவன் பிலேந்திரன் ரீபானா சுரங்கரயில் ஓட்டுபவன். காலை வேலை முடித்து வந்து புட்டு அவித்துக்கொண்டிருந்தான். தனுசியாவின் தகப்பனின் தங்கை இராசமணி மாமி சோபாவில் இருந்து வெங்காயம் உரித்தார். மாமி கீழ்மாடியில் தனியாக இருக்கிறார். உறங்க மட்டும் அங்கே போவார்.

"அவ எனக்குத் தாய் மாதிரி இருந்தவ," என்றாள் தனுசியா. "மூண்டு வருசம் ஒரே மேசையிலை சாப்பிட்டனாங்கள். இப்ப முதுகிலை குத்துறா."

பிலேந்திரன் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தான். "நீர் இந்த முறை அங்கை போய்க் கதைச்சனீரோ?"

"அங்கையோ? அங்கை என்னத்துக்குப் போறது? அவை எங்கடை ஆக்கள்தானே. ஈமெயில் போட்டனான்."

"மற்ற எட்டு ஊருக்கும்?"

"அங்கையெல்லாம் போனனான்தான். போகாட்டில் அவை வருவினமே?"

இராசமணி மாமி கத்தியை மேசையில் வைத்தார். சிரித்த சிரிப்பில் சோபா ஆடியது.

"பிள்ளை, உன்ரை கலியாணத்திலை நான் ஏன் சாப்பிடேல்லை எண்டு இப்பவாவது விளங்குதோ?"

அந்தக் கதை அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் ஆறாத கதை. நம்மவர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கலியாணத்துக்கு வீட்டுக்கு வீடு நேரில் போய், வாசலில் நின்று, "கட்டாயம் வரவேணும்" என்று வாயால் சொல்லவேண்டும். தனுசியாவின் கலியாணத்துக்கு அரசரத்தினம் ஒஸ்லோ முழுக்கச் சொன்னார். பேர்கனுக்குப் போய்ச் சொன்னார். முகமே தெரியாதவர்களுக்கும் சொன்னார். அதே கட்டடத்தில், ஒரு மாடி கீழே இருந்த சொந்தத் தங்கைக்கு மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவார்? பலகாரம் சுட்டது மாமி. மணவறைக்குச் சீலை தைத்தது மாமி. வீட்டு ஆளுக்கு யாராவது வீடு தேடிப் போய்ச் சொல்லுவார்களா? மாமி கலியாணத்தன்று முன்வரிசையில் பட்டுச்சேலையோடு வந்திருந்தார், படம் எடுத்தபோது சிரித்தார், சாப்பாட்டு நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏனென்று தெரிய எல்லோருக்கும் இரண்டு கிழமை எடுத்தது.

"தூரத்து ஆக்களுக்கு நீ சொல்லாட்டில் அவை மறந்திட்டுப் போயிடுவினம்," என்றார் மாமி. "கிட்டத்து ஆக்கள் மறக்காயினம். எனக்கு எல்லாம் தெரியும், எண்டாலும் ஒருக்கா வந்து கேட்டிருக்கலாம் எண்டு கிடந்து வேகும். அந்த மனுசிக்கும் அதுதான். போ. போய்க் கேள்."

"மாமி, அவ நோர்வேக்காரி. அவைக்கு உதொண்டும் இல்லை."

"ஏன், நோர்வேக்காரிக்கு நெஞ்சு இல்லையே?"

பிலேந்திரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தட்டத்திலை வெத்திலை பாக்கு வைச்சு விடட்டோ?" என்று கேட்டான். தனுசியா அவனை முறைத்தாள். ஆனால் வியாழன் காலை ரயிலுக்கு அப்போதே இடம் பிடித்துவிட்டாள். மாமி வெறுங்கையோடு போகவேண்டாம் என்று ஒரு பேணி நிறையப் பயத்தம் பணியாரம் கட்டிக் கொடுத்தார்.

ரயிலில் இருந்தபடி அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள். கோபம் குன்வோர் மேலும் இருந்தது. இவ்வளவு பெரிய விடயத்தை ஒரு கோபத்துக்காக யாராவது உடைப்பார்களா? ஆனால் மாமி சொன்னது முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது. ரயில் மாறி, பஸ் ஏறி, ஆற்றங்கரையில் இருந்த அந்த மஞ்சள் கட்டடத்தின் முன்னால் இறங்கியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. கூட்டம் ஐந்து மணிக்கு.

குன்வோர் அவளைக் கண்டதும் எழுந்தார். ஆச்சரியத்தை முகத்தில் காட்டவில்லை. கோப்பி ஊற்றினார். அவர் பேசுவது துவெர்டாலின் மலைப்பேச்சு. நம் பேச்சில் போட்டால் இப்படி வரும்.

"ரோட்டு வழுக்குதெண்டு சொன்னனான். எண்டாலும் வந்திட்டாய்."

"கேக்க வந்தனான்," என்றாள் தனுசியா. "முதலே வந்திருக்க வேணும். மற்ற எல்லா இடமும் போட்டு இஞ்சை மட்டும் வரேல்லை. எங்களோடை இருங்கோ எண்டு உங்களை நான் ஒருக்காலும் கேக்கேல்லை."

குன்வோர் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார்.

"நீந்துமிடம் ஞாபகமோ?" என்றார்.

தனுசியாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இரண்டு பனிக்காலங்களுக்கு முன் ஒரு கொடுங்குளிர் வந்தது. ஒன்பது ஊரும் ஒரே நேரத்தில் சூடாக்கி, பேசி வைத்த அளவைத் தாண்டப் பார்த்தன. தாண்டினால் மிச்சத்தைச் சந்தையில் எரிகிற விலைக்கு வாங்கவேண்டும். எதையாவது நிறுத்தச் சொல்லி அவள் ஊர் ஊராகப் போன் எடுத்தாள். துவெர்டாலின் நீச்சல் மண்டபத்துச் சூடாக்கியும் அதில் ஒன்று.

"தக்காளிக்காரரை அரைமணித்தியாலம் மன்றாடினாயெண்டு அவர் எனக்குச் சொன்னவர்," என்றார் குன்வோர். "எனக்கு ஒரு குறுஞ்செய்தி. 'நீந்துமிடத்தை நிப்பாட்டுங்கோ.' அவ்வளவுதான். தயவுசெய்து எண்டுகூட இல்லை. வெள்ளிக்கிழமையிலை வயதுபோன ஆக்கள் சுடுதண்ணியிலை இறங்குற நாள். மூட்டு வருத்தக்காரர். நான்தான் கதவடியிலை நிண்டு ஒவ்வொருத்தரையும் திருப்பி அனுப்பினனான். அதிலை என்ரை அக்காவும் ஒராள். பிறகு நீ எல்லா ஊருக்கும் நன்றி சொல்லி வருசக் கூட்டத்திலை பேசினாய். துவெர்டால் எண்ட பேரே வரேல்லை."

தனுசியாவின் காது சூடாகியது. உண்மைதான். சொல்லவில்லை. குன்வோருக்கு நன்றி சொல்வது தன் கைக்கு நன்றி சொல்வதைப் போலப் பட்டது அவளுக்கு.

"நான் உங்களை வேற ஆளா நினைக்கேல்லை," என்றாள். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. "அதுதான் என்ரை பிழை."

"ஓம்," என்றார் குன்வோர். அவர் கண்ணும் அப்படித்தான் இருந்தது, ஆனால் அவர் ஜன்னலைப் பார்த்தார். "சரி. இதைக் கேட்டிட்டாய், எனக்குப் போதும். ஆனா சபையிலை என்னட்டை ஒரு வாக்குத்தான் இருக்கு. மற்ற ஆறு பேரும் நீந்துமிடத்தைப் பாக்காயினம், விலையைத்தான் பாப்பினம். அந்த வியாபாரக் கொம்பனி தாற விலை நல்ல விலை. உள்ளுக்கு வந்து நீயே அவையோடை கதை."

கூட்டத்தில் ஏழு பேர். மேசை நடுவே கோப்பிக் குடுவையும் பக்கத்தில் மாமியின் பணியாரமும். இதென்ன என்று கேட்டுக் கேட்டே எல்லோரும் ஆளுக்கு இரண்டு எடுத்துவிட்டார்கள். நான்காவது விடயம் வந்ததும் தனுசியாவைப் பேச விட்டார்கள். அவள் வரைபடம் எதையும் திறக்கவில்லை. முதலில் நீந்துமிடத்துக்கு மன்னிப்புக் கேட்டாள், ஏழு பேர் முன்னாலும். சபையினர் சங்கடத்தில் நெளிந்தார்கள். அந்த ஊரில் அப்படி வெளிப்படையாக யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

பால்பண்ணை வைத்திருக்கிற ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "அது இருக்கட்டும். ஒண்டு கேக்கிறன். நாங்கள் அந்தப் புதுக் கொம்பனிக்குப் போனா எங்களுக்கு மலிவோ, இல்லையோ?"

இதுதான் அந்தக் கேள்வி. இதற்குச் சுற்றிவளைத்துப் பதில் சொல்ல அவளுக்கு நூறு வழி தெரியும். பத்து வருடச் சராசரி என்று தொடங்கலாம், ஆபத்துக் கணக்கு என்று குழப்பலாம், ஒருவருக்கும் விளங்காமல் தலையாட்ட வைக்கலாம். எட்டு ஊரும் பதினைந்து வருடமும் அந்தப் பதிலில் தொங்கின. குன்வோர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலிவுதான்," என்றாள் தனுசியா. "முதல் ரெண்டு வருசம் எங்களை விட மலிவாத்தான் கிடைக்கும். அவையின்ரை விலையை நான் பார்த்தனான், பொய் இல்லை."

மேசையில் ஒரு சலசலப்பு. இளம் உறுப்பினர் ஒருவன், "அப்ப நீ இவ்வளவு தூரம் ஏன் வந்தனீ?" என்று கேட்டே விட்டான்.

"மூண்டாம் வருசத்துக்காக வந்தனான். மூண்டாம் வருசம் என்ன விலையெண்டு அவை எங்கையும் எழுதித் தரேல்லை. கேட்டுப் பாருங்கோ, தரமாட்டினம். அந்தப் பொல்லாத பனிக்காலம் திரும்பவும் வந்தா நீங்கள் போன் எடுக்கிறது ஆருக்கு? அங்கை எடுத்தா ஒரு மிசின் நம்பரை அமத்தச் சொல்லும். இஞ்சை எடுத்தா நான் எடுப்பன். என்னை ஏசலாம். இண்டைக்குக் குன்வோர் ஏசின மாதிரி."

யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

"இன்னொண்டையும் மறைக்காமல் சொல்லுறன். நீங்கள் போனா மற்ற எட்டு ஊருக்கும் இந்த விலை இல்லை. தக்காளிக்காரர் பாதிக் கூடாரத்தை மூடவேண்டி வரும். அது உங்கடை தலையிலை விழுற பாரம் இல்லை, உங்களுக்கு உங்கடை ஊர்தான் முக்கியம். ஆனா அவையின்ரை கூடாரத்திலை இரவிலை லைற் எரியுறதாலைதான் உங்கடை மரஆலை பகலிலை மலிவா ஓடுது. ஒராளின்ரை தேவை இன்னொராளைத் தாங்குது. இதைக் கட்டினது நான் மட்டும் இல்லை, இந்த ஊர்தான் முதல் தொடங்கினது. அதாலை கேக்கிறன். எங்களோடை இருங்கோ."

பால்பண்ணைக்காரர் இன்னொரு பணியாரத்தை எடுத்தார். "முப்பது வருசமா இந்த மேசையிலை இருக்கிறன். கரண்ட் விக்க வந்து, மற்றவன்ரை மலிவெண்டு சொன்ன ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றார்.

பிறகு அவளை வெளியே இருக்கச் சொன்னார்கள். அவள் தாழ்வாரத்தில் நின்றாள். கதவுக்குள் பேச்சு உயர்வதும் தாழ்வதும் கேட்டது, சொல் பிடிபடவில்லை. ஒஸ்லோவில் அலுவலகத்தில் இருந்த மூன்று பேரும் மாறி மாறிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்கும் அவள் பதில் போடவில்லை. மலிவு என்ற சொல்லைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். உண்மையைச் சொல்லித் தோற்றுப்போனால் தக்காளிக்காரருக்கு அவள் என்ன முகத்தோடு போன் எடுப்பாள்? ஆனாலும் திரும்பக் கேட்டால் திரும்பவும் அதைத்தான் சொல்லுவேன் என்று தோன்றியது. அது தோன்றியபிறகு போனைப் பைக்குள் போட்டாள்.

கதவைத் திறந்து குன்வோர்தான் வந்தார்.

"ஏழுக்கு ஆறு. அந்தப் பெடியன் மட்டும் மாட்டனெண்டிட்டான். அவனுக்கு இன்னும் கிடக்கு காலம்."

தனுசியா அந்த நெடிய மனுஷியைக் கட்டிப் பிடித்தாள். குன்வோர் அப்படிக் கட்டிப்பிடிக்கிற வகை இல்லை. கொஞ்ச நேரம் பலகை போல நின்றார், பிறகு அவள் முதுகில் இரண்டு தரம் தட்டினார்.

"நிபந்தனை ரெண்டு இருக்கு," என்றார். "குளிர் வந்தா நிப்பாட்டுறது முறை வைச்சு. இந்த முறை எங்கடை நீந்துமிடம் கடைசி. மற்றது, வருசக் கூட்டம் ஒவ்வொரு ஊரிலையும் மாறி மாறி நடக்கோணும். ஒஸ்லோவிலை இருந்துகொண்டு கூப்பிட்டது இனிப் போதும்."

"ரெண்டும் சரி. மற்ற ஆக்களை நான் நேரை போய்க் கேக்கிறன்."

"கேள்," என்றார் குன்வோர். "கேட்டா ஆர் மாட்டனெண்டுறது?" பிறகு உள்ளே திரும்பி, சபை கலையும் முன்னரே ஒப்பந்தத்தை விரிக்கச் சொன்னார். எல்லா ஊரும் ஒன்றாகக் கூடி வெள்ளிக்கிழமை ஒப்பமிடுவதாகத்தான் ஏற்பாடு. நாளை எதற்கு, இன்றைக்கே வைக்கிறேன் என்று நின்ற நிலையில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் ஒஸ்லோ அலுவலகத்தில் தனுசியா போனை எடுத்து மேசையில் வைத்து, மற்ற மூவருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினாள். ஒன்பது ஊர்களின் பெயரும் அவளுடைய கணினித் திரையில் இருந்தன. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் முதியோர் இல்லமும் மரஆலையும் தக்காளிக் கூடாரமும் பள்ளிக்கூடமும், இன்னும் பத்து வருடத்துக்குப் பயப்படாமல் அடுப்பு மூட்டப்போகிற ஆயிரக்கணக்கான வீடுகளும் இருந்தன. இதை எல்லாம் ஒரு சுழிபுரத்து மீன்தொழிலாளியின் மகள் பேசி முடித்திருக்கிறாள். நீங்கள் மாலை போடாவிட்டால் போங்கள், நான் போடுகிறேன்.

அணைக்கட்டுக் கம்பனிக்காரர் வணக்கம் சொல்லிவிட்டு நேரே விடயத்துக்கு வந்தார். துவெர்டால் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"சொல்லுங்கோ. எட்டோ, ஒன்பதோ?"

"ஒன்பது."

"துவெர்டாலுமோ?"

"துவெர்டால்தான் முதல் கையெழுத்து," என்றாள் தனுசியா. குரல் உடைந்துவிட்டது. அதை அவள் மறைக்கவில்லை.